துரை படத்து மாலை

மஞ்சள் போர்வை சுற்றிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு தரம் மேலே ஏறும், பொத்தென்று விழும், மறுபடி ஏறும், சுருளிவேல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது முத்தோனியின் போர்வை, சந்தேகமே வேண்டாம், இந்த ஷெஃபீல்டு ஹாஸ்டலில் எந்த மாடியில் தேடினாலும் இப்படிப் பழுத்த மாம்பழ நிறத்தில் போர்வை வைத்திருக்கிறவள் அவள் ஒருத்திதான், நைரோபியிலிருந்து வரும்போது பெட்டியில் பாதியை இதுவே அடைத்துக்கொண்டது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் அவள் வருவாள். வந்துதானே ஆகவேண்டும். டிரையர் நின்ற பிறகும் துணியை எடுக்காமல் விட்டால் அடுத்து வருகிறவன் அள்ளி மெஷின் மேலே குவித்துவிட்டுத் தன் துணியைப் போட்டுக்கொள்வான், அது இங்கே வழக்கம், யாரும் யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது. அவள் துணியை யாரும் அள்ளுவது அவளுக்குப் பிடிக்காது, அதனால் வருவாள். வந்தால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் இவனுடைய வேட்டி பக்கத்து மெஷினில் நுரைக்குள் கிடக்கிறது. வேட்டி மேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான் விஷயம், வேட்டி இல்லாவிட்டாலும் உட்கார்ந்துதான் இருப்பான். நேற்று மத்தியானத்திலிருந்து இவனுக்குள் ஒரே ஒரு கேள்வி, அவள் இனிமேல் தன்னிடம் பேசுவாளா மாட்டாளா. படிப்பு, வேலை, விசா எல்லாம் அதற்குப் பிறகுதான். இப்படி ஆகிவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. கீழ்த்தளத்து அறை சோப்பு வாசனையோடு கதகதப்பாக இருந்தது, வெளியே ஜனவரி மாதத்துக் குளிர், உச்சி வேளையிலேயே விளக்குப் போடவேண்டியிருக்கிறது, என்ன ஊரோ.

நேற்றுப் பொங்கல். கேஸ் இல்லாத கரண்ட் அடுப்பில் பொங்கல் பொங்குமா என்று அம்மா போனில் கேட்டாள், பொங்கியது, பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து அரைமணி நேரம் துடைத்தான். சூப்பர் மார்க்கெட்டில் செவ்வந்தி கிடைத்தது. பூக்கட்ட நார் இல்லை, நூல் இல்லை, கடைசியில் பல் இடுக்கில் விட்டு இழுப்பார்களே அந்த நூலில் கட்டினான், மாலை முழுக்கப் புதினா வாசனை. முருகனுக்கு ஒன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த துரை படத்துக்கு ஒன்று. சந்தனம் வைத்தான், குங்குமம் வைத்தான், ஊரில் எப்படியோ அப்படி. அங்கேதான் புத்தி கெட்டுப் போச்சு. ஊரில் வைத்தால் ஊர், இங்கே வைத்தால் என்ன என்று யோசிக்க வேண்டாமா. முத்தோனியைச் சாப்பிட வா என்று முதல் நாளே கூப்பிட்டது இவன்தான். கதவைத் தட்டினாள், சிரித்துக்கொண்டே வந்தாள், குளிரில் மூக்கு நுனி பளபளவென்று இருந்தது, தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி. பொங்கல் கிண்ணத்தை வாங்கி மேஜையில் வைத்தாள். அலமாரியைப் பார்த்தாள். மீசையும் கழுத்துவரை பொத்தானுமாக ஒரு வெள்ளைக்காரர், நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை. அவ்வளவுதான், சிரிப்பு நின்றுபோனது. ரொம்ப நேரம் பார்த்தாள், திரும்பி இவன் முகத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள், மெதுவாகத் தொப்பியைக் கழற்றினாள். பிறகு ஒரு வேலை இருக்கிறது, அப்புறம் பேசலாம் என்று இங்கிலீஷில் முணுமுணுத்துவிட்டுப் போயே போய்விட்டாள். ஒரு வாய் சாப்பிடவில்லை. அந்தத் தொப்பியை ஏன் கழற்றினாள், அதுதான் இவனுக்கு முள்ளாகக் குத்துகிறது. புழுக்கமாகவா இருந்தது. கோபம் வந்தால் சில பேருக்கு உடம்பு சூடாகும். கோபம்தான், வேறென்ன. ஒருத்தன் தன் முன்னோரை அடிமையாக வைத்திருந்தவன் படத்துக்குப் பூப்போட்டுக் கும்பிடுகிறான் என்றால் இவளுக்குக் கோபம் வராமல் கொஞ்சவா தோன்றும்.

ஆனால் எப்படிச் சொல்வது, எங்கேயிருந்து ஆரம்பிப்பது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்துகொண்டு இந்தப் பக்கம் வரவில்லை என்றால் அங்கே இரண்டு போகம் ஏது, திராட்சைப் பந்தல் ஏது, சுருளிவேல் ஏது. அணையைக் கட்டிய துரை படம் டீக்கடையில் இருக்கும், ஆட்டோவில் இருக்கும், கல்யாணப் பத்திரிகையில்கூட இருக்கும், பொங்கலன்று அவருக்கென்று தனிப்பானை வைக்கிற ஊர்கள் உண்டு. சொந்தச் சொத்தை விற்றுக் கட்டினார் என்பார்கள், உண்மையோ பொய்யோ, சொல்லும்போதே அப்பாவுக்குக் கண் கலங்கும். அதே துரைமார் காலத்தில்தான் பஞ்சத்தில் ஜனம் செத்துக் குவிந்தது, அதையும் சொல்லும் அப்பாவுக்கு அதே கண் கலங்கும். இரண்டையும் ஒரே மனுஷன் ஒரே டீயைக் குடித்துக்கொண்டே சொல்லி முடிப்பார், எங்கேயும் இடிக்காது. இங்கே வந்த பிறகுதான் இடிக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதை எண்ணினால் இவனுக்குக் கூச்சமாக இருக்கும். அப்பாவின் பூட்டன் அந்த அணைக் காட்டில்தான் செத்தார். சுண்ணாம்பு சுமக்கப் போனவர், காய்ச்சல் கண்டு அங்கேயே போய்விட்டார், கைக்குழந்தையோடு பெண்டாட்டி ஊரில் காத்துக்கொண்டிருந்தாள். உடம்பு வரவில்லை. சுண்ணாம்பு சுமந்த ஆளை யார் படம் எடுத்தார்கள், அதனால் படமும் இல்லை. ஆனால் தை அமாவாசைக்கு இலை போடவேண்டுமே. எந்தக் காலத்தில் யார் ஆரம்பித்தார்களோ, வீட்டில் அவருக்குப் போடுகிற இலையைத் துரை படத்துக்கு முன்னால் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது இவன் ஒரு தடவை இது என்ன கூத்து என்று கேட்டான். அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டே சொன்னாள், "அவரு அங்கனதானப்பா கெடந்தாரு. தொரைக்குப் போயிச் சேந்தா அவருக்கும் போயிச் சேரும்." பெட்டி கட்டும்போது முருகனோடு சேர்த்து அந்தப் படத்தையும் துண்டில் சுற்றி வைத்தவளும் அவள்தான். இதையெல்லாம் இங்கிலீஷில் சொன்னால் என்னவாக இருக்கும், சொல்லிப் பார்த்தான், சகிக்கவில்லை.

தப்பு நேற்று நடந்ததில்லை, கிச்சனில் நடந்தது. நவம்பரில் ஒரு சாயங்காலம், பாத்திரம் கழுவுகிற முறை டோபியுடையது. டோபி உள்ளூர்ப் பையன், யார்க்‌ஷயர்க்காரன், தட்டு உடைத்தாலும் மன்னிப்பு, அவனுடைய ராணி ஆண்டதற்கும் மன்னிப்பு, ஒரே குரலில் கேட்பான். எங்கள் பள்ளிக்கூடத்தில் உங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லித்தரவில்லை, போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றான், முகம் நிஜமாகவே வாடியிருந்தது. சோயுன் கொரியாக்காரி, அவளுக்கு டோபியின் மன்னிப்பு எதற்கும் உதவாது. ஏகாதிபத்தியம் என்றால் வெள்ளைக்காரன் என்று ஏன் எல்லோரும் பேசுகிறீர்கள், எங்களுக்கு அது ஜப்பான், எங்கள் தாத்தாவுடைய பேரையே மாற்றினார்கள் என்றாள். ஆனால் அவள் காதில் எப்போதும் ஓடுவது ஜப்பான் பாட்டுத்தான், அதைக் கேட்டால் அது வேறு இது வேறு என்பாள். முத்தோனி அடுப்பில் சாய்ந்துகொண்டு கையைக் கட்டியபடி பேசினாள். எங்கள் நிலம், எங்கள் ஊர், ஊரைச் சுற்றிப் பள்ளம் வெட்டி முள்கம்பி போட்டு உள்ளே ஜனத்தை அடைத்தார்கள், கம்பிக்கு வெளியே துப்பாக்கியோடு ஆள். குரல் உயரவே இல்லை, ஆனால் டோபி குழாயை மூடிவிட்டான், தண்ணீர்ச் சத்தம்கூட மரியாதைக் குறைவு என்று நினைத்தான் போலிருக்கிறது. இவன் முறை வந்தது. உப்பு, துணி, பஞ்சம் என்று பாடப்புத்தகத்தில் இருந்ததைக் கடகடவென்று ஒப்பித்தான். பொய் ஒன்றுமில்லை, எல்லாம் நடந்ததுதான், இவன் நம்புகிறதுதான். அணையை மட்டும் விட்டுவிட்டான். முத்தோனி இவனைப் பார்த்துத் தலையாட்டினாள், நீயும் நானும் ஒரு பக்கம் என்கிற மாதிரி, அந்தத் தலையாட்டல் கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு இவனுக்குத் தூக்கமே வரவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குத் தோசை சாப்பிடப் போனார்கள். கையால் பிய்த்துச் சாப்பிட்டாள், சட்னி மணிக்கட்டு வரை வழிந்தது. கல்லாவுக்கு மேலே சின்ன பல்பு எரிய மாலை போட்ட படம், இவர் உங்கள் மந்திரியா என்று கேட்டாள். மந்திரியும் இல்லை கிந்திரியும் இல்லை, மாலை போட்டிருந்தால் செத்துப்போன வீட்டு ஆள், கடைக்காரருடைய அப்பாவாக இருக்கும், உயிரோடு இருக்கிறவர் படத்துக்குப் போட்டால் அம்மா துடைப்பக்கட்டையை எடுப்பாள் என்று சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு இனிமேல் இல்லையா.

படியில் செருப்புச் சத்தம். சுருளிவேல் எழுந்து நின்றான், எதற்கு நின்றோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். டோபி. கூடை நிறைய காலுறை, ஒன்றுக்கொன்று ஜோடியில்லாமல். ஹாய் சொன்னான், குளிரைப் பற்றி ரெண்டு வார்த்தை, பிறகு போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவைத்தான். நேற்று முத்தோனி தன்னிடம் வந்து, இந்தியாவுக்குப் போன இங்கிலீஷ் இன்ஜினியர்கள், தேயிலைத் தோட்ட முதலாளிகள் எல்லாம் அங்கே என்னென்ன செய்தார்கள், பெண்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேட்டாளாம். தனக்குத் தெரியவில்லையாம், மன்னிப்புக் கேட்டானாம், மன்னிப்பை என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாளாம். சொல்லிவிட்டுக் காலுறையைப் போட்டுப் பொத்தானை அழுத்தி டோபி போய்விட்டான், பாவி, ஒரு மனுஷன் நிம்மதியைக் கெடுத்துவிட்டுப் போகிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும். அப்படியானால் விசாரிக்கிறாள். ஆதாரம் திரட்டுகிறாள். இந்தப் படத்தில் இருக்கிற ஆள் என்னென்ன அக்கிரமம் பண்ணினான் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்து முகத்தில் வீசப்போகிறாள். வீசட்டும். நானும் சொல்வேன், உங்கள் ஊரில் முள்கம்பி, எங்கள் ஊரில் தண்ணீர், நான் என்ன செய்யட்டும், தண்ணீரைக் குடிக்காமல் இருக்கச் சொல்கிறாயா. சொல்லிப் பார்த்தான். நல்ல பதில்தான், ஆனால் இதைச் சொல்லிவிட்டால் அவள் நிஜமாகவே போய்விடுவாள். வேறு மாதிரி, படத்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன், மன்னித்துவிடு. சொல்லிப் பார்த்தான். அம்மா முகம் வந்து நின்றது, கரண்டியோடு. படத்தைப் பெட்டியில் போட்டால் அந்த இலையும் சேர்ந்து போகும், சுண்ணாம்பு சுமந்தவர் இரண்டாம் தரம் காட்டில் கிடப்பார். முடியாது. அதுவும் முடியாது, இதுவும் முடியாது. போர்வை ஏறுகிறது, விழுகிறது. ஊருக்கு வருகிற முதல் தண்ணீரைப் பார்க்கச் சின்ன வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து போனது ஞாபகம் வந்தது, காய்ந்த வாய்க்காலில் சருகைத் தள்ளிக்கொண்டு நுரையோடு வரும், ஜனம் குலவை போடும், அப்போது யார் கட்டினது என்று எவன் கேட்டான்.

டிரையர் நின்றது. போர்வை கடைசியாக ஒரு தரம் விழுந்து அப்படியே மடங்கிக் கிடந்தது. எடுத்து வைக்கலாமா, வழக்கம்தானே, வேண்டாம், அவள் துணியைத் தொட இவனுக்கு இப்போது என்ன உரிமை. அப்படியே நின்றுகொண்டிருக்கும்போது முத்தோனி படியில் இறங்கி வந்தாள். தொப்பி இல்லை. கண் சிவந்திருந்தது, தூங்கவில்லை போல. இவனைப் பார்த்ததும் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். சுருளிவேல் ஆயத்தமாக வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போச்சென்று தெரியவில்லை, வேட்டி இன்னும் ஆகவில்லை என்று சம்பந்தமில்லாமல் ஒன்றைச் சொன்னான். அவள் வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். பேசியது இங்கிலீஷில்தான், ஆனால் இவன் காதில் விழுந்ததெல்லாம் தமிழாகத்தான் விழுந்தது.

"ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

கேள் என்று தலையாட்டினான்.

"நேத்துப் பாத்தேனே, அந்த வெள்ளைக்காரர். உனக்கு என்ன முறை? கொள்ளுத்தாத்தாவா?"

இவனுக்கு முதலில் புரியவில்லை. முறையா, என்ன முறை. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நீதானே சொன்னாய், மாலை போட்டிருந்தால் செத்துப்போன வீட்டு ஆள் என்று. பார்த்ததும் புரிந்துவிட்டது. உன் வீட்டுப் பெரியவர் படத்துக்கு முன்னால் தொப்பியோடு நிற்கக்கூடாது என்று கழற்றினேன். நீ அன்றைக்குக் கிச்சனில் இதைச் சொல்லவில்லை, அப்படியானால் சொல்ல முடியாத கதை, உங்கள் வீட்டுப் பெண் யாரையோ அவர் என்ன செய்தாரோ என்று பயமாகிவிட்டது, கேட்டால் உனக்கு வலிக்கும், கேட்காமல் உட்கார்ந்து சாப்பிடவும் முடியவில்லை, அதனால் ஓடிவிட்டேன். ராத்திரி முழுக்க உன் முகத்தை நினைத்து நினைத்துப் பார்த்தேன் என்றவள் கொஞ்சம் வெட்கத்தோடு முடித்தாள், மூக்கு மட்டும் ஒத்துப்போகிறது.

சுருளிவேல் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். சின்னமனூர்ச் சந்தையில் கும்பலில் போட்டால் தேட முடியாத மூக்கு. அடக்க அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது, நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ சட்டென்று தூக்கிக்கொண்டு போனது மாதிரி இருந்தது. கோபமில்லை, அவளுக்குக் கோபமே இல்லை, அய்யோ சாமி. பிறகு துரை கதை முழுக்கச் சொன்னான். அணை, தண்ணீர், இரண்டு போகம், ஆட்டோவில் ஒட்டிய படம், கிச்சனில் தான் சொல்லாமல் விழுங்கியது, எல்லாம். இங்கிலீஷ் சகிக்கவில்லை, பரவாயில்லை, சொன்னான். அவர் எங்களுக்கு ஒரு முறையும் இல்லை என்றான்.

அவள் முகம் மாறியது. டோபியின் காலுறைகள் எதிரே சுற்றிக்கொண்டிருந்தன, அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான் மட்டும்தானா," என்றாள்.

அன்றைக்கு முள்கம்பி பற்றிச் சொன்னேனே, கம்பிக்கு வெளியே துப்பாக்கியோடு ஆள் என்று. அந்த ஆள் எங்கள் கொள்ளுத்தாத்தா. வெள்ளைக்காரனுக்கு ஊர்க்காவல் பார்த்தார். உள்ளே அடைபட்டவர்கள் எங்கள் சொந்தக்காரர்களேதான். எங்கள் வீட்டில் படம் இருக்கிறது, அதிகாரி பக்கத்தில் சட்டையில் மடிப்புக் கலையாமல் நிற்கிறார், யாரும் மாட்டியதில்லை, பெட்டிக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அவர் பேரைக்கூட வீட்டில் சொல்வதில்லை. நேற்று உன் அலமாரியைப் பார்த்ததும், பார், இவன் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், இவன் பயப்படாமல் பூப்போட்டு வைத்திருக்கிறான், இவனிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் படியில் நின்று யோசித்தேன்.

சுருளிவேலுக்கு அவளை அணைத்துக்கொள்ளத் தோன்றியது, தைரியம் வரவில்லை. இவன் எதற்குப் பயந்தானோ அதற்கே அவளும் பயந்துகொண்டு, அவளும் இவனைப் போலவே ஒன்றை விழுங்கிக்கொண்டு கிச்சனில் அடுப்பில் சாய்ந்து நின்றிருக்கிறாள். இதற்கா ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், படம்தான் இல்லை என்று ஆரம்பித்தான். சுண்ணாம்பு சுமந்தவர், காய்ச்சல், துரை முன்னால் போடுகிற இலை, அம்மா சொன்ன சமாதானம். இதை இவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள் என்று. அவள் சிரிக்கவில்லை.

"அவர் பேரு என்ன?"

"துரை பேரா?"

"அவர் பேரு எனக்கு எதுக்கு. செத்தாரே, அவர்."

"மொக்கையன்."

மொக்கையன் என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், சரியாக வருகிறதா என்று இன்னொரு தரம். அணைக் காட்டில் கிடந்த மனுஷனுடைய பேர் ஷெஃபீல்டில் மெஷின் சத்தத்துக்கு நடுவில் வேற்று நாட்டுப் பெண் வாயிலிருந்து வந்தது, சுருளிவேலுக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு அவள் எழுந்து போர்வையை வெளியே இழுத்தாள், சூடாக இருந்தது, ரெண்டு முனையை இவனிடம் நீட்டினாள். மடிக்க ரெண்டு ஆள் வேண்டுமே. அந்த இலை போடுகிற நாள் எப்போது வரும் என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நாளில், தை அமாவாசை, இங்கே இலைக்கு எங்கே போக, பேப்பர் தட்டுத்தான் என்றான்.

"எங்க கிமானிக்கும் ஒண்ணு போடலாமா?" என்றாள். அதுதான் அவர் பேர் என்று இவனுக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. "அவர் செஞ்ச வேலைக்குச் சோறு போடலாமான்னு எனக்குத் தெரியல. ஆனா துரை படத்து முன்னாடி வேண்டாம். அவர் வாழ்நாள் பூரா அங்கதான் நின்னாரு."

"சரி."

"படம் இல்லாம, பேரை மட்டும் சொல்லி வெச்சா போயிச் சேராதா? உங்க மொக்கையனுக்கும்தான்."

இவனுக்கு இத்தனை வருஷத்தில் அது தோன்றவே இல்லை. வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய் வரை வந்தது.

"சேரும்," என்றான், கேட்காமலே. பிறகு ரெண்டு பேரும் முனையோடு முனை சேர்த்துப் போர்வையை மடித்தார்கள், பசிக்கிறது, நேற்றுப் பொங்கல் மிச்சம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள், ஃப்ரிட்ஜில் அவள் கிண்ணம் அப்படியே இருந்தது.